ஆறாவது போத்தல்

நான் பிள்ளை பார்க்கிறவள். ஆனால் யாராவது வாய் தவறி அப்படிச் சொல்லிவிட்டால் எனக்குப் பொத்துக்கொண்டு வரும். "பராமரிப்பு நிலையம்" என்று உடனே திருத்துவேன். வாசலில் பலகை எழுதித் தொங்கவிட்டிருக்கிறேன்: அகஸ்ரினா சிறுவர் பராமரிப்பு நிலையம், தாழ்வுபாடு. பலகையைத் தாண்டி உள்ளே வந்தால் வீட்டுத்திட்டத்தில் கிடைத்த இரண்டு அறை, ஒரு விறாந்தை, ஒரு பிளாஸ்ரிக் பாய், ஆறு பிள்ளைகள். அவ்வளவுதான் நிலையம். கடலுக்குப் போகும் என் மனிசன் இராசேந்திரம், "என்ன, கந்தோர் திறந்தாச்சோ?" என்று காலையில் கேட்பார். ஏதோ அரசாங்க அலுவலகம் நடத்துகிறேன் என்கிற மாதிரிக் கேலிதான். எனக்கு அதிலும் ஒரு சந்தோசம். இந்தப் பெருமைக் குணத்தை முதலே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் செய்த காரியம் உங்களுக்கு விளங்காது.

சண்டை முடிந்து நாங்கள் ஊருக்குத் திரும்பி மூன்று வருஷம் ஆகியிருந்தது. மன்னார் ரவுனில் ஒரு நிறுவனம், வீட்டில் வைத்துப் பிள்ளை பார்க்கும் பெண்களுக்கு ஐந்து நாள் பயிற்சி நடத்தியது. விளையாட்டுச் சாமான் வாங்க வேண்டாம், வீட்டில் கிடக்கிறதை வைத்தே பிள்ளைகளுக்குப் படிப்பிக்கலாம் என்பதுதான் அந்த ஐந்து நாளின் சாரம். தாம்பாளத்தில் மணல் பரப்பி விரலால் எழுதுவது. சிப்பிகளைப் பெரிசு, சிறிசு, சொரசொரப்பு, வழுவழுப்பு என்று பிரிப்பது. கிழிந்த கால்மேசுக்குப் பொத்தான் கண் வைத்து முயல் செய்வது. பயிற்சி தந்த சிவலட்சுமி மிஸ் ரவுன்காரி, மெல்லிய குரல், மடிப்புக் கலையாத சேலை. அவர் வந்து பார்த்துத் திருப்திப்பட்டால் எங்கள் வீடு பதியப்படும், மரக்கட்டை விளையாட்டுப் பெட்டி ஒன்றும் வரும். அந்தப் பெட்டியைக் கனவில் கூடக் கண்டேன் என்று சொன்னால் சிரிக்காதீர்கள்.

ஆறு பிள்ளைகளில் ஒருத்தி பேசமாட்டாள். தனுசியா. நாலு வயது. அவளுடைய தாய் சுகந்தினியை ஐந்து வயதில் படகில் இந்தியாவுக்குக் கொண்டு போனவர்கள். தமிழ்நாட்டு முகாமிலேயே வளர்ந்து, அங்கேயே கஜேந்திரனைக் கலியாணம் செய்து, பிள்ளையையும் பெற்றுக்கொண்டு திரும்பியவள். கஜேந்திரனுக்குக் கடதாசி அலுவல் முடியவில்லை, அவன் இன்னும் அங்கே. இவள் கடற்கரையில் ஒரு கருவாட்டு வாடியில் மீன் வெட்டி, உப்புப் போட்டு, காயவைக்கும் வேலைக்குப் போனாள். விடிய ஆறு மணிக்குப் பிள்ளையை என்னிடம் விடுவாள்.

வந்த முதல் கிழமை தனுசியா பேசினவள்தான். "டீச்சர், பசங்க அடிக்கிறாங்க" என்று என்னிடம் வந்து முறையிட்டாள். கஜீபன் என்று ஒருவன் இருக்கிறான், வாய் மட்டும் நாற்பது வயது. அந்த இந்தியப் பேச்சைப் பிடித்துக்கொண்டு அவன் இரண்டு நாளாக "பசங்க, பசங்க" என்று பாடிக்கொண்டே திரிந்தான். மற்றவர்களும் சேர்ந்து பாடினார்கள். நான் அதட்டினேன். ஆனால் அதற்குள் அந்தப் பிள்ளை வாயைப் பூட்டிவிட்டது.

ஐந்து மாதம். நான் மேசு முயலோடு அவள் முன்னால் குதித்தேன். தெரிந்த பாட்டு எல்லாம் பாடினேன். அவள் எல்லா விளையாட்டுக்கும் வருவாள், சிப்பி பிரிப்பதில் அவளை வெல்ல ஆளில்லை, ஆனால் சத்தம் மட்டும் வராது. "வீட்டுல வாயே மூடுறதில்ல டீச்சர்" என்று சுகந்தினி சொல்வாள். எனக்கு அது குத்தும். என் வீட்டுப் படியேறினால் ஒரு பிள்ளை ஊமையாகிறது என்றால் பிறகு பலகை எதற்கு? அவள் குரலைக் கேட்க வேண்டும் என்று நான் மாதாவிடம் நேர்ந்தும் இருந்தேன். பாசம் பாதி. மிஸ் வரும்போது ஆறு பிள்ளைகளும் வாய் திறக்க வேண்டுமே என்பது மீதிப் பாதி.

மிஸ் வருகிற நாளுக்கு மணம் பிடிக்கும் விளையாட்டை வைத்தேன். ஆறு சின்னப் போத்தல்களைக் கழுவிக் காயவைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு சாமான் போட்டு, வாயைத் துணியால் மூடி றப்பர் பான்ட் போட்டேன். கோப்பித்தூள், கறிவேப்பிலை, தேசிக்காய்த் தோல், ஏலக்காய், சவர்க்காரத் துண்டு. ஆறாவதுக்கு என்ன போடுவது என்று யோசித்தேன். பிள்ளைக்கு வீட்டில் பழகின மணமாக இருக்க வேண்டும் என்று பயிற்சியில் சொன்னார்கள். தாழ்வுபாட்டில் கருவாட்டைவிடப் பழகின மணம் எது? ஒரு துண்டு கட்டாக் கருவாடு வெட்டிப் போட்டேன். எல்லாவற்றிலும் இலேசானது அதுதான், அதைத் தனுசியாவுக்குக் கொடுப்போம், ஒரு சொல்தானே, சொல்லிவிடுவாள் என்று கணக்குப் போட்டேன்.

தாய்மாரையும் பதினொரு மணிக்கு வரச் சொல்லியிருந்தேன். மிஸ் கதிரையில் இருந்தார். நான் என் லேஞ்சியை மடித்துப் பிள்ளைகளின் கண்ணை ஒவ்வொருவராகக் கட்டினேன். ஆஸ்பத்திரியில் வேலை செய்பவரின் மகள் கிறிஸ்ரினா முதலில் வந்து "கோப்பி" என்றாள். உப்புக்குளத்தில் இருந்து தகப்பனின் மோட்டார்சைக்கிளில் வருகிற காமில் (தகப்பன் இங்கே மீன் எடுக்க வருவார்) ஏலக்காய்ப் போத்தலை மணந்துவிட்டு, "வட்டிலப்பம்!" என்று கத்தினான். பெருநாளுக்கு அவர்கள் வீட்டில் ஏலக்காய் போட்டு அவிக்கிற இனிப்பு. மிஸ் கை தட்டினார். "பாத்தீங்களா, எப்பிடி யோசிக்கிறார்!" கஜீபன் சவர்க்காரத்தை மணந்து கொஞ்சம் யோசித்து, "ஞாயிற்றுக்கிழமை" என்றான். கோயிலுக்குப் போகிற அன்றைக்குத்தான் அவனை முழுக்காட்டுவார்களாம். எல்லாரும் கை தட்டினோம். மிஸ் பைலில் என்னவோ எழுதினார். எனக்கு நெஞ்சு விரிந்துகொண்டு போனது.

பிறகு தனுசியா. கண்ணைக் கட்டினேன். ஆறாவது போத்தலை மூக்குக்குக் கிட்டப் பிடித்தேன். ஒருதரம் மணந்தாள். போத்தலை என் கையிலிருந்து தன் இரண்டு கையாலும் வாங்கி இன்னொருதரம் மணந்தாள். அவளுடைய முகம் மலர்ந்தது. ஐந்து மாதமாக நான் காணாத முகம்.

"அம்மா!" என்றாள். நல்ல பலமான, துணிச்சலான குரல்.

மிஸ்தான் முதலில் சிரித்தார். சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு, சின்னதாக. அதைப் பார்த்துத் தாய்மார் சிரித்தார்கள், பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உள்ளதைச் சொல்கிறேன், ஆகப் பலமாகவும் ஆகக் கடைசி வரையும் சிரித்தது நான்தான். "ஐயோ கடவுளே, அம்மாவாம்!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தேன்.

பிள்ளை லேஞ்சியைக் கீழே இழுத்துவிட்டு எங்களைப் பார்த்தது. எங்களைத் தாண்டி வாசலைப் பார்த்தது. நானும் திரும்பினேன். விறாந்தைக் கரையில் சுகந்தினி நின்றாள். பதினொரு மணிக்கு வரச் சொன்னதால் வாடியிலிருந்து உடுப்பு மாற்றாமல் ஓடி வந்திருக்கிறாள், பாவாடையில் செதில் ஒட்டிக் கிடந்தது. அவளும் சிரித்துக்கொண்டுதான் நின்றாள். கையிரண்டையும் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு சிரித்தாள்.

அன்று மத்தியானமே மிஸ் சொல்லிவிட்டுப் போனார், எங்கள் வீடு பதிவாகும் என்று. பெட்டி அடுத்த மாதம். நான் அவருடைய தேத்தண்ணிக்கு இரண்டுதரம் சீனி போட்டுவிட்டேன். சந்தோசத்தில் என்று அவர் நினைத்திருப்பார்.

இதில் ஒன்றை மறைத்துக்கொண்டு கதை சொல்ல முடியாது. என் தாய் செபஸ்தியம்மாவும் இதே கடற்கரையில் கருவாடு போட்டவர்தான். அந்தக் கருவாடுதான் என்னை ரவுனில் கன்னியாஸ்திரிகளின் விடுதியில் படிக்க வைத்தது. திங்கட்கிழமை காலையில் விடுதிக்குப் போக முன்னம் கருவாட்டு மணம் போகத் தேசிக்காய்த் தோலை விரலிடுக்கில் தேய்த்துத் தேய்த்துத் தோல் எரியும். ஒருமுறை அம்மா என்னைப் பார்க்க வந்தபோது, வேலைக்காரி வந்திருக்கிறாள் என்று பக்கத்துக் கட்டில்காரி நினைத்தாள். நான் திருத்தவில்லை. முப்பது வருஷம் கழித்து ஒரு சேலைக்காரி சிரித்தவுடன், நான் அவள் பக்கத்து ஆள், வாடிப் பக்கத்து ஆள் இல்லை என்று காட்டத்தான் அப்படிச் சிரித்தேன். அது எனக்கு அன்றிரவே தெரியும். தெரிந்தும் ஒன்றும் செய்யவில்லை.

அடுத்த நாள் சுகந்தினி பிள்ளையை நிறுத்திவிடுவாள் என்று நினைத்தேன். சண்டைக்கு வருவாள் என்றும் எதிர்பார்த்தேன். வந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும், நானும் நாலு சொல் திருப்பிச் சொல்லியிருப்பேன். அவள் வழமைபோல ஆறு மணிக்கு வந்தாள். ஆனால் படலைக்குள் வரவில்லை. ஒழுங்கையில், முருங்கை மரத்தடியில் நின்றுகொண்டு பிள்ளையை மட்டும் உள்ளே அனுப்பினாள். தனுசியாவின் முகத்திலும் கழுத்திலும் பவுடர் அப்பிக் கிடந்தது. காதுக்குப் பின்னால்கூட.

"உள்ளுக்கு வாங்கோவன் சுகந்தினி, ஏன் றோட்டிலை நிக்கிறீங்கள்?" என்றேன்.

"இல்லங்க டீச்சர், நேரமாச்சு. பிள்ளைய நல்லா குளிப்பாட்டித்தான் அனுப்பியிருக்கேன்."

எனக்கு முகம் எரிந்தது. அப்போதாவது வாய் திறந்து சொல்லியிருக்கலாம். நான் என்ன செய்தேன் தெரியுமா? குசினிக்குள் போய் ஒரு கிறீம் கிறாக்கர் பைக்கற்றை எடுத்து வந்து, "பிள்ளைக்கு வைச்சிருங்கோ" என்று கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டுப் போனாள். பிழை செய்தவள் நான், நன்றி சொன்னவள் அவள்.

ஒரு கிழமை அப்படியே போனது. தனுசியா சிப்பி பிரிப்பதையும் விட்டுவிட்டாள். மூலையில் இருந்து மற்றவர்களின் வாயைப் பார்ப்பாள். யாராவது எதற்காவது சிரித்தால் அவள் உடம்பு குறுகும். ஒருநாள் பின்னேரம் சுகந்தினி வேலை முடிந்து வந்து, ஒழுங்கையில் குனிந்து பிள்ளையைத் தூக்கக் கை நீட்டினாள். தனுசியா தன் சின்ன விரல் இரண்டாலும் மூக்கைப் பொத்திக்கொண்டாள். மெல்ல, ஒருவருக்கும் தெரியாமல் செய்கிற மாதிரி. பிறகு அப்படியே மூக்கைப் பொத்தியபடி தூக்கக் கொடுத்தாள். சுகந்தினி ஒன்றும் காணாதவள்போல நடந்தாள்.

நான் படலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மணலில் எழுதவும் சிப்பி எண்ணவும் அந்தப் பிள்ளை என்னிடம் கற்றது. தாயைக் கண்டால் மூக்கைப் பொத்தவும் என்னிடம்தான் கற்றது. அது போகப்போக எப்படி முற்றும் என்பதும் எனக்குத் தெரியும். தாய் வந்து வாசலில் நிற்க, யாரோ என்னவோ நினைக்க, திருத்தாமல் பேசாமல் இருக்கிற வயது அதற்கும் வரும்.

சாப்பிடும்போது இராசேந்திரத்திடம் சொன்னேன். அவர் சோற்றைப் பிசைந்தபடி கேட்டுவிட்டு, "அந்தப் பிள்ளை சொன்னதிலை என்ன பிழை? நானும் கடலாலை வரேக்கை நாறிக்கொண்டுதான் வாறன். நீ என்னைப் பாத்துச் சிரிக்கிறேல்லையே" என்றார்.

"நீங்கள் ஆம்பிளை. உங்களுக்கு விளங்காது."

"ஓம், எனக்கு விளங்காது. விளங்கின நீ போய்ச் சொல்லன், பிழை எண்டு."

சொல்லத்தான் வேண்டும். ஆனால் எனக்கு நேரே சொல்ல வராது, எதையும் சுற்றி வளைத்து ஒரு செயற்பாடாக ஆக்கினால்தான் கை வரும். அடுத்த நாள் காலை ஆறு பிள்ளைகளையும் ஒரு கயிற்றைப் பிடிக்க வைத்து, வரிசையாக வாடிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மீன் எண்ணும் விளையாட்டு என்று சொன்னேன். கிறிஸ்ரினாவின் தாய்க்குத் தெரிந்தால் பேசுவார். பேசட்டும் என்று நினைத்தேன்.

வாடியில் நாலைந்து பெண்கள் இருந்தார்கள். கம்புகளுக்கு மேல் விரித்த வலையில் மீன் பிளந்தபடி கிடந்தது. பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். கஜீபன் ஒரு திருக்கையைப் பார்த்து, "இதுக்கு முகம் வயித்திலை இருக்கு" என்றான். காமில் வரிசை வரிசையாக எண்ணி இருபதுக்குப் பிறகு திரும்பவும் பதினொன்றுக்கு வந்தான். ஒரு மனிசி அவர்களுக்கு மீனைத் திருப்பிப் போடக் காட்டிக் கொடுத்தார். என் ஐந்து நாள் பயிற்சியில் இதற்குப் பாதியும் வராது.

தனுசியா மட்டும் கயிற்றின் நுனியில், என் பாவாடையோடு ஒட்டிக்கொண்டு நின்றாள்.

சுகந்தினி உப்புத் தொட்டியடியில் இருந்தாள். எங்களைக் கண்டதும் பதறி எழும்பி, வாளித் தண்ணியில் கையைக் கழுவினாள். முழங்கை வரை கழுவினாள். கழுவின கையை மூக்குக்குக் கிட்டக் கொண்டு போய்ப் பார்த்தாள். பிறகு பிள்ளையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு, "டீச்சர்கிட்டயே நில்லும்மா. கிட்ட வராத. அம்மா நாத்தம்" என்றாள்.

பகிடிக்குச் சொல்வதுபோலத்தான் சொன்னாள். எனக்காக, நான் சங்கடப்படக்கூடாது என்று சொன்னாள். தனுசியா அசையவில்லை. தாயைப் பார்த்தாள். பிறகு கழுத்தை நிமிர்த்தி என் முகத்தைப் பார்த்தாள். தாயிடம் போகலாமா, போனால் நான் சிரிப்பேனா என்று என் முகத்தில் தேடினாள்.

எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. மணலில் குந்தினேன். நான் பிள்ளைக்கு முகம் கொடுத்துத்தான் பேசினேன், ஆனால் அங்கே நின்ற எல்லாருக்கும் கேட்டது.

"தனுசியா, அண்டைக்கு நீங்கள் சரியாத்தான் சொன்னனீங்கள். ரீச்சர்தான் பிழையாச் சிரிச்சனான். அம்மாவைப் பாத்தும் பிழையாச் சிரிச்சனான்."

சுகந்தினி "ஐயோ டீச்சர், அதெல்லாம் எதுக்கு, எந்திரிங்க" என்று ஓடி வரப் பார்த்து, கிட்ட வரலாமா என்று தெரியாமல் பாதியில் நின்றாள். மற்றப் பெண்கள் கத்தியை வைத்துவிட்டுப் பார்த்தார்கள். எனக்கு அழுகை வந்தது. இதோடு முடிந்தது, சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன், இனிப் பிள்ளை ஓடிப் போய்த் தாயைக் கட்டிப்பிடிக்கும் என்று நினைத்தேன்.

அவள் ஓடவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள். வாயைத் திறந்தாள், மூடினாள், பிறகு கேட்டாள்.

"ஏன் டீச்சர் சிரிச்சீங்க?"

ஐந்து மாதமும் ஒரு கிழமையும் நான் காத்திருந்தது இந்தக் குரலுக்குத்தான். நாலு வயதுப் பிள்ளைக்கு விடுதியும் தேசிக்காய்த் தோலும் என் தாயும் விளங்காது. பிள்ளைகளுக்குச் சொல்ல ஆயிரம் மழுப்பல் என்னிடம் இருக்கிறது, எல்லாம் நாக்கு நுனி வரை வந்தன. ஆனால் அந்தக் கண்ணுக்கு முன்னால் ஒன்றும் வெளியே வரவில்லை.

"மிஸ் சிரிச்சா" என்றேன். "அதாலை நானும் சிரிச்சனான்."

அவள் யோசித்தாள். நல்லாக நேரம் எடுத்து, சிப்பியைக் கையில் வைத்து எந்தப் பக்கம் போடுவது என்று பார்ப்பதைப்போல யோசித்தாள்.

"அது தப்பு" என்றாள்.

"ஓம் பிள்ளை" என்றேன். "தப்பு."

அதன் பிறகுதான் கயிற்றை விட்டாள்.